“கோட் பிழை” என்று காட்டினால் எங்கே தேடுவது?

கடைகளுக்குச் செயலி செய்து விற்பவர்களுக்கு இது பழகிய கதை: ஏபிகே கோப்பு (அன்ட்ரொய்ட் செயலியை நிறுவும் கோப்பு) காலையில் ஒரு கடைக்குப் போனால் மாலைக்குள் அடுத்த கடைக்கும் போய்விடும். கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரிக்கு உங்கள் பில் போடும் செயலி பிடித்துவிட்டால், பக்கத்துக் கடைக்காரருக்கு அவரே வட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பார், களவு என்ற எண்ணமே இல்லாமல். அதற்காகத்தான் சாதனத்தோடு கட்டிய அக்டிவேஷன் கோட். செயலியை முதன்முறை திறந்ததும் அந்தப் போனுக்குரிய சாதன எண் திரையில் வரும். அதை வாங்கி, அந்த எண்ணுக்கு மட்டும் பொருந்தும் கோட் ஒன்றைக் கொடுப்போம். வேறு போனில் அந்தக் கோட் செல்லாது.

பூட்டைப் போட்ட மறுவாரமே கோல்கள் வரத் தொடங்கும். அழைப்பவர்களில் பெரும்பாலானோர் காசு கொடுத்து வாங்கியவர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். களவாக எடுத்தவர் உங்களுக்கு ஏன் கோல் எடுக்கப் போகிறார்?

என்ன கோளாறு சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரு ஸ்கிரீன்ஷொட். அதில் சாதன எண், செயலியின் பதிப்பு எண், போனின் திகதி, நேரம் நான்கும் தெரிய வேண்டும். அக்டிவேஷன் திரையிலேயே இவை நான்கையும் அச்சிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண்ணை வாயால் சொல்லவிடாதீர்கள். கோலில் ஆங்கில ‘பி’யும் ‘டி’யும் ஒன்றாகத்தான் கேட்கும். இன்னொன்று, எல்லாத் தோல்விக்கும் “கோட் பிழை” என்று ஒரே வசனத்தைக் காட்டும் செயலியை யாராலும் திருத்த முடியாது. எழுத்துப் பிழைக்கு 11, எண் பொருந்தாவிட்டால் 12, சேர்வரை எட்ட முடியாவிட்டால் 21 என்று தோல்விக்கொரு இலக்கம் கொடுங்கள். வாடிக்கையாளருக்கு அது புரியத் தேவையில்லை, வாசித்துச் சொன்னால் போதும்.

“நேற்று வரை வேலை செய்தது, இன்று திரும்பக் கோட் கேட்கிறது”

அடிக்கடி வருவது இதுதான். கோடைச் சந்தேகிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட்டில் உள்ள சாதன எண்ணை உங்கள் பதிவில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால், செயலி தன் லைசன்ஸ் கோப்பைத் தொலைத்திருக்கிறது. யாரோ ‘கிளியர் டேட்டா’ அமுக்கியிருப்பார்கள், அல்லது செயலியை நீக்கி மறுபடி போட்டிருப்பார்கள். அதே கோடை மீண்டும் அடித்தால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் தவறு உங்கள் சேர்வரில். அது அடுத்த பகுதியில்.

எண் மாறியிருந்தால் ஏன் மாறியது என்று பார்க்க வேண்டும். இப்போது பெரும்பாலானோர் நம்பியிருப்பது அன்ட்ரொய்டே கொடுக்கும் ‘அன்ட்ரொய்ட் ஐடி’ என்ற எண்ணை. அன்ட்ரொய்ட் 8 முதல் அந்த எண் போனுக்கு மட்டும் உரியதல்ல. போன், போனில் உள்ள பயனர், செயலியில் கையெழுத்திட்ட சாவி (செயலி உங்களுடையதே என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிப்பது அது. மூன்றில் எது மாறினாலும் எண் மாறும்.

போன் பக்கத்தில் மாறுவது ஃபெக்டரி ரீசெட்டால். “நான் ரீசெட் பண்ணவே இல்லை” என்று சத்தியம் செய்பவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“நாநா, போனை எங்கேயாவது திருத்தக் குடுத்தீங்களா?”

“டிஸ்ப்ளே மாத்தினேன் தம்பி, வேற ஒண்டும் இல்ல.”

“வாங்கின நேரம் படங்கள், கொன்டக்ட் எல்லாம் அப்பிடியே இருந்திச்சா?”

“அதெல்லாம் பிறகு கூகுள்ல இருந்து திரும்ப வந்திட்டே.”

திரும்ப வந்தது என்றால் ஒருமுறை போயிருக்கிறது. திருத்துபவர் சொல்லாமலே ரீசெட் போட்டிருக்கிறார், அல்லது மென்பொருளை மறுபடி ஏற்றியிருக்கிறார். வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. புது எண்ணுக்குக் கோட் கொடுத்து, பழைய எண்ணை முடக்கிவிடுங்கள்.

பயனர் பக்கத்தில் மாறுவது இன்னும் வேடிக்கை. சாம்சங்கின் செக்கியூர் ஃபோல்டர், சில போன்களில் உள்ள இரட்டைச் செயலி வசதி, அலுவலகம் போட்டுக்கொடுத்த வேர்க் ப்ரொஃபைல் எல்லாம் அன்ட்ரொய்டின் கண்ணில் தனித்தனிப் பயனர்கள். கடைப் பையன்கள் கணக்கைப் பார்க்கக் கூடாது என்று முதலாளி செயலியைச் செக்கியூர் ஃபோல்டருக்குள் போட்டிருப்பார். உள்ளே ஓர் எண், வெளியே ஓர் எண். “எந்த இடத்தில் வைத்துத் திறக்கிறீர்கள்?” என்ற கேள்வியில் இது வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, சாவி. இதில் குற்றவாளி எப்போதும் செயலி செய்தவர்தான். நேரடியாகக் கொடுத்த ஏபிகேயில் உங்கள் சொந்தச் சாவியின் கையெழுத்து இருக்கும். பிளே ஸ்டோரில் 2021 ஓகஸ்டிலிருந்து புதிய செயலிகளைப் பண்டில் வடிவில்தான் (அதிலிருந்து ஏபிகேயைக் கூகுளே செய்யும்) ஏற்ற முடியும். வாடிக்கையாளருக்குப் போகும் பிரதியில் கையெழுத்திடும் சாவி கூகுளிடம் இருக்கும். அந்தச் சாவியை கூகுளையே உருவாக்க விட்டிருந்தால், வட்ஸ்அப்பில் போட்டதும் பிளே ஸ்டோரில் போட்டதும் ஒரே போனில் இரண்டு சாதன எண்ணைக் காட்டும். ஒன்றின் மேல் ஒன்றை நிறுவவும் முடியாது. பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும், நீக்கும்போது தரவும் போய்விடும். முதன்முறை பிளே ஸ்டோரில் பதிவு செய்யும்போதே உங்கள் சொந்தச் சாவியை ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வாடிக்கையாளரின் பெயரில் இணைத்து வைப்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. டிபக் பிரதியை (சோதனைக்கு மட்டும் செய்தது) கொடுத்துச் சோதித்துவிட்டு ரிலீஸ் பிரதியை (விற்பனைக்கானது) கொடுத்தாலும் இதே கதைதான்.

ஒரு சில்லறை விஷயமும் உண்டு. அன்ட்ரொய்ட் ஐடி வழக்கமாக 16 எழுத்து. பழைய போன்களில் முன்னால் வரும் பூச்சியம் விழுந்து 15 ஆகக்கூடும். உங்கள் பக்கத்து எக்செல் தாளோ தரவுத்தளமோ அதை 16 ஆக நிரப்பிவிட்டால் கணக்கு பொருந்தாது. எண்ணை எழுத்துச்சரமாகவே வைத்திருங்கள், எங்கேயும் இலக்கமாக மாற்ற வேண்டாம்.

“கோட் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்கிறது, நான் இப்போதுதான் அடித்தேன்”

கோடைச் சேர்வரில் சரிபார்க்கும் செயலிகளில் இது வரும். நடப்பது இதுதான்: வாடிக்கையாளர் கோடை அடிக்கிறார், கோரிக்கை சேர்வருக்குப் போய்ச் சேர்கிறது, சேர்வர் “பயன்படுத்தியாயிற்று” என்று குறித்துவிட்டுப் பதிலை அனுப்புகிறது, அந்தப் பதில் வந்து சேரும் முன் சிக்னல் அறுந்துபோகிறது. சாமான் அடுக்கிய கடையின் பின்னறையில் இது நடக்காத நாள் இல்லை. அவர் மறுபடி அமுக்குகிறார். சேர்வர் பார்வையில் அது இரண்டாம் முறை, கதவைச் சாத்துகிறது.

தீர்வு கோடை மாற்றிக் கொடுப்பதல்ல. “பயன்படுத்தப்பட்டது” என்பதை ஆம், இல்லை என்று குறிக்காமல், எந்தச் சாதன எண்ணுக்குப் போனது என்று குறித்து வையுங்கள். அதே கோட் அதே எண்ணிலிருந்து மறுபடி வந்தால், முன்பு கொடுத்த லைசன்ஸையே மறுபடி கொடுங்கள். எத்தனை முறை வந்தாலும் அதே பதில். வேறு எண்ணிலிருந்து வந்தால் மட்டும் மறுப்பு. இந்த ஒரு மாற்றத்தில் உங்கள் கோல்கள் எவ்வளவு குறைகின்றன என்று பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு: இரண்டு போனில் ஒரே நொடியில் அடித்து இரண்டிலும் திறந்துவிடுவது. ‘கோட் காலியா?’ என்று ஒரு கேள்வி, பிறகு ‘எழுது’ என்று ஒரு கட்டளை என இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் நடுவில் அடுத்தவர் நுழைந்துவிடுவார். சாதன எண் காலியாக இருந்தால் மட்டும் நிரப்பு என்று ஒரே கட்டளையாக எழுதி, தரவுத்தளத்தில் எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். பூச்சியம் என்றால் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

“வட்ஸ்அப் வேலை செய்கிறது, உங்கள் செயலிக்கு மட்டும் இன்டர்நெட் இல்லையாம்”

நம் ஊருக்கே உரிய கோளாறு. பலர் போடுவது சமூக வலைத்தளப் பெக்கேஜ். அதில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஓடும், மற்ற எதுவும் ஓடாது. வாடிக்கையாளரிடம் “டேட்டா இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறதே” என்பார், அவர் சொல்வதும் உண்மை. பிரவுசரில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்காவிட்டால் விஷயம் முடிந்தது. சாதாரண டேட்டா கொஞ்சம் ரீலோட் பண்ணவோ, கடை வைஃபையில் இணைக்கவோ சொல்லலாம். இதற்காகவே இணையம் இல்லாமலும் கோடை ஏற்கும் வழி ஒன்றைச் செயலியில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்: சாதன எண் வட்ஸ்அப்பில் வரட்டும், கோட் வட்ஸ்அப்பில் போகட்டும்.

செய்தித் தளம் திறக்கிறது, செயலி மட்டும் எட்டவில்லை என்றால் போனின் வயதைக் கேளுங்கள். உங்கள் சேர்வர் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை தரும் பாதுகாப்புச் சான்றிதழில் ஓடினால், அன்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய போன்கள் அதன் மூலச் சான்றிதழை அறியாதவை. பழைய மூலத்தின் துணைக் கையெழுத்தால் அவை சில காலம் தப்பிப் பிழைத்தன. அதுவும் 2024 செப்டெம்பர் 30 உடன் முடிந்துவிட்டது. கடைகளில் பில் போடுவதற்கென்று ஒதுக்கும் போன் பெரும்பாலும் வீட்டில் கழித்த பழைய போன்தான், ஆகவே இது உங்களுக்கு வரும். மூலச் சான்றிதழைச் செயலிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

பற்றரி முற்றாக இறங்கிப்போய் திகதி பல வருடம் பின்னே போன போனிலும் பாதுகாப்பான இணைப்பு முறியும். ஸ்கிரீன்ஷொட்டில் திகதி கேட்டது இதற்கும்தான்.

“நிறைய முறை முயன்றுவிட்டீர்கள்” என்று முதல் முயற்சியிலேயே வந்தால், ஐபி முகவரியைக் கொண்டு எண்ணுகிறீர்கள் என்று அர்த்தம். மொபைல் இணைப்புகளில் ஏராளமானோர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சாதன எண்ணைக் கொண்டு எண்ணுங்கள்.

“கோட் சரியாகத்தான் அடித்தேன்”

அநேகமாகச் சரியாக அடித்திருக்க மாட்டார். ஆங்கில ‘ஓ’ எழுத்தும் 0 உம், ‘ஐ’ எழுத்தும் 1 உம் குழப்பும். இவை இல்லாத 32 எழுத்து வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சின்ன எழுத்து, பெரிய எழுத்து, இடைவெளி, இடைக்கோடு எதுவாக இருந்தாலும் செயலியே சுத்தம் செய்துகொள்ளட்டும். கடைசி எழுத்தைச் சரிபார்ப்பு எழுத்தாக வைத்தால் சேர்வரிடம் போகாமலே பிழையைச் சொல்லலாம்.

வட்ஸ்அப் தன் பங்குக்குச் சிலதைச் செய்யும். இரண்டு செய்திகளைச் சேர்த்துக் கொப்பி பண்ணினால் திகதியும் அனுப்பியவர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அடிக்கோடும் நட்சத்திரமும் எழுத்தைச் சாய்க்கவும் தடிக்கவும் பயன்படுவதால் கோடில் அவை வேண்டவே வேண்டாம். கோடைத் தனிச் செய்தியாக, வேறு ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்புங்கள். வணக்கம் எல்லாம் முந்திய செய்தியில்.

“31ஆம் திகதி வரை என்றீர்கள், 31 விடியவே பூட்டிவிட்டது”

எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஐந்தரை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். முடிவுத் திகதியைச் சேர்வர் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாகச் சேமித்திருக்கிறது. இலங்கை அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியவே வராது, ஆனால் பேலியகொடைச் சந்தையில் அந்த நேரம் வியாபாரம் உச்சத்தில் நிற்கும். கொழும்பு நேரப்படி அன்றிரவு முடியும்வரை என்று கணக்கிடுங்கள். முடிந்தாலும் உடனே பூட்டாமல் சில நாள் எச்சரிக்கையோடு ஓடவிடுவது நல்லது. வாசலில் லொறி நிற்கும்போது பில் போட முடியாமல் போனவர் அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டார்.

கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பி ஓசிக் காலத்தை நீட்டுபவர்களும் உண்டு. கடைசியாகக் கண்ட நேரத்தைச் செயலி குறித்து வைக்கட்டும். இப்போதைய நேரம் அதற்குப் பல மணி நேரம் பின்னே போனால், சேர்வரின் நேரத்தைக் கேட்காமல் திறக்க வேண்டாம். கடைசிப் பில்லின் திகதியும் நல்ல சாட்சி.

“கோட் வாங்காத போனிலும் திறக்கிறது”

இதை வாடிக்கையாளர் சொல்ல மாட்டார். நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். பதிவில் ஒரே சாதன எண் வெவ்வேறு மொடல் போன்களிலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

வந்தால், எண்ணே எண் இல்லை. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஐஎம்இஐயும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) வைஃபை முகவரியும் சேர்த்து எண் செய்தவர்களுக்கு இது நடக்கும். வைஃபை முகவரி அன்ட்ரொய்ட் 6 முதல் எல்லாப் போனிலும் 02 இல் தொடங்கி மிச்சமெல்லாம் பூச்சியமாக ஒரே மாதிரி வரும். ஐஎம்இஐயை அன்ட்ரொய்ட் 10 முதல் சாதாரணச் செயலிகளுக்குக் கொடுப்பதே இல்லை. தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் போனைச் சரிபார்த்துப் பழகியதால், “ஐஎம்இஐ தரட்டா தம்பி?” என்று வாடிக்கையாளர்களே கேட்பார்கள். வாங்கிப் பதிவில் வைக்கலாம், ஆனால் செயலியால் அதை வாசித்து ஒப்பிட முடியாது. ஆக, வெறுமையோடு வெறுமையைச் சேர்த்துச் செய்த எண் எல்லாப் போனிலும் ஒன்று. ஒருவருக்குக் கொடுத்த கோட் ஊருக்கெல்லாம் திறக்கும்.

எண் வேறு வேறாக இருந்தும் திறந்தால் பேக்கப்பைப் பாருங்கள். அன்ட்ரொய்ட் 6 முதல், நீங்கள் வேண்டாம் என்று சொல்லாதவரை, செயலியின் அமைப்புக் கோப்புகளைக் கூகுள் தானாகவே சேமித்து, அதே கணக்கோடு தொடங்கும் புதுப் போனில் இறக்கிவிடும். ‘அக்டிவேட் ஆகிவிட்டது: ஆம்’ என்று ஒரு கோப்பில் எழுதியிருந்தால் அந்த ‘ஆம்’ உம் சேர்ந்தே போகும். செயலியின் விவரக் கோப்பான மெனிஃபெஸ்டில் பேக்கப்பை நிறுத்துவது பாதித் தீர்வுதான். அன்ட்ரொய்ட் 12 முதல் போனுக்குப் போன் நேரடியாக மாற்றும் வழியைச் சில தயாரிப்புகளில் அது தடுக்காது. அதற்குத் தனி விதிக் கோப்பு எழுதி லைசன்ஸ் கோப்பை விலக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் லைசன்ஸில் உள்ள எண்ணை இந்தப் போனின் எண்ணோடு ஒப்பிடுவது.

இதற்கு மேல் வருவது வேலை தெரிந்தவர்களின் கைவரிசை. கோடை உண்டாக்கும் இரகசியச் சாவி செயலிக்குள்ளேயே இருந்தால், ஏபிகேயைப் பிரித்து அதை எடுத்து, கோட் தயாரிக்கும் சின்ன நிரல் ஒன்றை அவரே எழுதிவிடுவார். கையெழுத்திடும் சாவி உங்களிடம், சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டும் செயலியில் என்பதுதான் சரியான முறை. ஆனால் முழுக் கையெழுத்து நூறு எழுத்தைத் தாண்டும், யாரும் கையால் அடிக்க மாட்டார்கள். கியூஆர் படமாக அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். ரூட் செய்த (முழு அதிகாரத்தையும் திறந்துவிட்ட) போனில் சாதன எண்ணையே போலியாகக் காட்டுபவருக்கு எதிராக, அக்டிவேஷன் நேரத்தில் போனின் சாவிப் பெட்டகமான கீஸ்டோருக்குள் ஒரு சாவிச் சோடியை உருவாக்கி, பொதுச் சாவியைச் சேர்வரில் பதியலாம். அது வன்பொருளுக்குள் இருக்கும் போனில் அந்தரங்கச் சாவியைக் கொப்பி பண்ண வழியில்லை, பேக்கப்பிலும் போகாது.

சரிபார்ப்பையே வெட்டி எறிந்த பிரதியை எதுவும் முழுதாகத் தடுக்காது. கையெழுத்து மாறிய பிரதியைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வரியையும் அவரால் வெட்ட முடியும். கடைகளுக்கிடையே கணக்கு ஒத்திசைவது, விலைப்பட்டியல் புதுப்பிப்பது போன்ற ஒன்றைச் சேர்வரில் வைத்து, லைசன்ஸ் இல்லாதவருக்குக் கொடுக்காமல் விடுவது இதைவிடப் பயனுள்ளது. வெட்டிய பிரதியை விற்பவர் யாரென்று தெரிந்தால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது என்பதை நினைவூட்டி ஒரு கடிதம் அனுப்பலாம்.

“போன் உடைந்துவிட்டது, புதுப் போனுக்கு மாற்றித் தாருங்கள்”

கோளாறு இல்லை, ஆனால் கோளாறாக்கிவிடுபவர்கள் அதிகம். பழைய போனில் இருந்து விடுவித்தால்தான் புதியதில் திறக்கும் என்று விதி வைத்தால், தண்ணீரில் விழுந்த போனை வைத்திருப்பவர் என்ன செய்வார்? வாங்கிய தொலைபேசி இலக்கத்துக்கு ஓடிபி அனுப்பி, வருடத்துக்கு ஓரிரு மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் அனுமதியுங்கள். பழைய எண்ணை அப்போதே முடக்குங்கள்; அந்தப் போன் மறுபடி உயிர்த்து சேர்வரோடு பேசினால் பூட்டிக்கொள்ளும். மாதாமாதம் மாற்றம் கேட்பவரை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் போதும். அநேகமாக அவரிடம் இரண்டாவது கடை இருக்கும், அதற்கும் ஒரு லைசன்ஸ் விற்கலாம்.

மாற்றிய பதிவுகளில் பெயர், இலக்கம், சாதன எண் எல்லாம் சேர்ந்து இருப்பதால் அது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் தரவு. சாதன எண்ணை அப்படியே வைக்காமல் ஹேஷ் செய்து (திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றி) வையுங்கள். ஒப்பிடுவதற்கு ஹேஷே போதும். சேவையை விட்டுப்போன கடைகளின் வரிகளை வருடக்கணக்கில் வைத்திருக்கவும் தேவையில்லை.